ஊசிக்கு முன் மாதிரி: நீலகிரியில் மாடு, ஆடு, நாய் வளர்ப்போர் கேட்கும் பரிசோதனைக் கேள்விகள்

நீலகிரியில் கால்நடையும் செல்லப்பிராணியும் வளர்ப்பவர்கள் ஆய்வகப் பரிசோதனை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மாதிரி வாங்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவன் எழுதுகிறேன். எங்காவது குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பார்த்தாலே நோய் தெரிந்துவிடுமே, பரிசோதனை எதற்கு?

பல நேரங்களில் தெரிந்துவிடும். கன்று ஈன்ற மறுநாள் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்ட பசுவுக்கு உடனே கால்சியம் ஏற்ற வேண்டும். அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் பசு பிழைக்காது. வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டுக்கும் அப்படித்தான்.

பரிசோதனை தேவைப்படும் இடங்கள் வேறு. ஒரே அறிகுறிக்குப் பின்னால் நாலைந்து நோய்கள் இருக்கும்போது, முதல் மருந்து கேட்காதபோது, மந்தையில் ஒன்றன்பின் ஒன்றாக விழும்போது, வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடிய நோய் என்று சந்தேகம் வரும்போது. அடுத்த கேள்வி இதற்கு நல்ல உதாரணம். நம் மலையில் இதைக் கேட்காத மாதம் இல்லை.

மாடு சிவப்பாகச் சிறுநீர் கழிக்கிறது. உண்ணிக் காய்ச்சல்தானே? அதற்கான ஊசியையே போட்டுவிடலாமா?

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பேபிசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். உடைந்த அணுவின் நிறமி சிறுநீரில் இறங்கி அதைக் காபி நிறமாக்கும். கூடவே கடும் காய்ச்சல் இருக்கும், கண்ணிமை வெளுத்திருக்கும்.

ஆனால் ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் காய்ச்சலே இல்லாமல் சிவப்பாகக் கழிக்கும் மாடுகளும் வருகின்றன. வயது வந்த மாடு, ஒரு வாரம் சிவப்பு, பிறகு தெளிவு, மறுபடி சிவப்பு, சில நேரம் கட்டிகட்டியாக ரத்தம் என்று உரிமையாளர் சொன்னால் என் முதல் சந்தேகம் பெரணி மீது. தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் எரிந்த புல்வெளியிலும் அடர்ந்து வளரும் பிராக்கன் பெரணியை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மேய்ந்த மாட்டுக்குச் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கட்டிகள் உண்டாகி ரத்தம் கசியும். அந்தச் செடியில் உள்ள டக்விலோசைடு என்ற நச்சு புற்றுநோயைத் தூண்டக்கூடியது. பாலிலும் அது வெளிப்படும். இந்த மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் ஊசி போட்டு ஒரு பயனும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய முதல் படிக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. சிறுநீரைத் தெளிவான கண்ணாடிக் குழாயில் சில மணி நேரம் அசைக்காமல் நிறுத்துங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் முழு ரத்த அணுக்கள் இறங்குகின்றன, அதாவது ரத்தக் கசிவு. எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒரே நிறமாகவே நின்றால் அணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்திருக்கின்றன. ஆய்வகத்தில் மையச் சுழற்சி இயந்திரத்தில் வைத்தால் இதே விடை சில நிமிடத்தில் கிடைக்கும். நிறம் மாறும் பட்டைச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அது இரண்டு வகைக்கும் 'ரத்தம்' என்றே காட்டும்.

அணு உடைவதுதான் என்று தெரிந்தாலும் விசாரணை முடியவில்லை. ஈன்று இரண்டு முதல் நான்கு வாரம் ஆன, நிறையப் பால் தரும் பசு அல்லது எருமை என்றால் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்திருக்கலாம். அதற்குச் சீரம், அதாவது ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிநீர், பார்க்க வேண்டும். மார்க்கெட்டில் கழிக்கப்பட்ட முட்டைக்கோஸ் இலையை மூட்டை மூட்டையாகப் போட்டிருந்தால் அதுவே காரணமாகலாம். கோஸ் குடும்பப் பயிர்களில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் வயிற்றில் மாறிச் சிவப்பணுவைச் சிதைக்கும். நுண்ணோக்கியில் அணுவின் ஓரத்தில் சின்னப் புள்ளிகள் துருத்திக்கொண்டு நிற்கும். கன்றுக்குட்டி என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும், அது உங்களுக்கும் தொற்றும். ஆக, ஒரு சிவப்புச் சிறுநீருக்கு ஐந்து பாதைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, ஒன்றுக்கு மருந்தே இல்லை. அந்த மேய்ச்சலிலிருந்து மாட்டை விலக்குவதுதான் வழி.

மாதிரியை நாங்களே எடுக்கலாமா?

சாணம், சிறுநீர், பால் ஆகியவற்றை நீங்களே எடுக்கலாம். ரத்தம், நிணநீர்க் கட்டியிலிருந்து எடுக்கும் நீர், தோல் சுரண்டல் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரோ ஆய்வாளரோ எடுக்கட்டும்.

முதலில் ஊசி போட்டுப் பார்க்கிறோம், சரியாகாவிட்டால் சோதனைக்கு வருகிறோம். அதில் என்ன தப்பு?

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: மாதிரி முதலில், ஊசி அடுத்து. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் போதும். சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

ஆன்டிபயாடிக் போட்ட மடியின் பாலைக் கிருமி வளர்ப்புக்கு வைத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காது. கிருமி செத்துவிட்டது என்று பொருளல்ல. பாலில் இருக்கும் மருந்து அதை ஆய்வகத்தில் வளரவிடாமல் தடுக்கிறது, மடிக்குள் அது பிழைத்திருக்கும். உண்ணிக் காய்ச்சல் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்த ரத்தத் துளி) ஒட்டுண்ணி தென்படாமல் போகலாம். குடற்புழு மருந்து கொடுத்த மறுநாள் சாணம் கொண்டுவந்து 'புழு இல்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்பவர்களும் உண்டு.

மருந்து ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் மறைக்காமல் மருந்தின் பெயர், போட்ட நாள், எத்தனை வேளை என்று படிவத்தில் எழுதுங்கள். காலிக் குப்பியைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. யாரும் திட்டப்போவதில்லை.

ரத்தக் குப்பிகளின் மூடி ஏன் வெவ்வேறு நிறத்தில் இருக்கிறது?

ஊதா மூடிக் குப்பியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். அணுக்களை எண்ணவும் ஒட்டுண்ணி தேடவும் பி.சி.ஆர். செய்யவும் இது. எடுத்தவுடன் மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சிவப்பு மூடிக் குப்பியில் ரத்தம் உறைந்து சீரம் பிரியும். கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும் நோய் எதிர்ப்பொருள் சோதனைகளும் அதில் நடக்கும். சாம்பல் மூடி சர்க்கரை அளவுக்கு. குப்பி மாறினால் சோதனையே செய்ய முடியாது. உறைந்துபோன ஊதாக் குப்பியைத் திருப்பி அனுப்பும்போது எங்களுக்கும் வருத்தம்தான்.

ரத்தத்தோடு, காது நுனியில் குத்தி அங்கேயே இழுத்த இரண்டு ரத்தப் பூச்சு ஸ்லைடுகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பேபிசியா நுண்குழாய்களில்தான் அதிகம் தங்கும். கழுத்து நரம்பு ரத்தத்தில் தப்பியது காது நுனியில் கிடைக்கலாம்.

மலையிலிருந்து கீழே அனுப்பினால் மாதிரி கெடாதா?

கெடும், நாம் கெடுத்தால். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பையில் உருண்டு வந்த ரத்தக் குப்பியில் அணுக்கள் உடைந்து சீரம் சிவந்திருக்கும். பிறகு அந்தச் சிவப்பு நோயால் வந்ததா, பஸ் பயணத்தில் வந்ததா என்று சொல்ல முடியாது. குப்பியை நிமிர்த்தி, சுற்றிலும் பஞ்சு அடைத்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள். சீரத்தை மேலேயே பிரித்து எடுத்து அனுப்புவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

ஐஸ்கட்டி குப்பியை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவே செய்தித்தாள் சுற்றுங்கள். நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து உறைபனி. 'ஊட்டிக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு' என்று டிசம்பர், ஜனவரி இரவில் ரத்தக் குப்பியைச் சன்னலுக்கு வெளியே வைத்தால் உறைந்து, காலையில் இளகும்போது அணு ஒன்றுகூட முழுதாக இருக்காது. முழு ரத்தத்தை ஒருபோதும் உறைய விடக் கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில் எதிர்த் திசையில் தன் வேலையைக் காட்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பி, பார்சல் அலுவலகத்தில் ஞாயிறு முழுக்கக் கிடந்த மாதிரிகளும் வருகின்றன. திங்கள் முதல் புதன்வரை அனுப்புவது நல்லது.

ஆட்டுப் புழுக்கையைச் சோதித்து என்ன ஆகப் போகிறது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஊற்றினால் போதாதா?

அப்படி ஊற்றி ஊற்றித்தான் மருந்து பலிக்காத நிலைக்கு வந்திருக்கிறோம். செம்மறியின் நாலாம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. தாடைக்குக் கீழே நீர் கோத்து, கண்ணிமை வெளுத்து ஆடு விழும். இந்தப் புழுவில் பென்சிமிடசோல் வகை மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகியிருப்பது நீலகிரி ஆடுகளிலேயே பதிவாகியிருக்கிறது. மென்மையான கம்பளிக்காகப் பேசப்படும் நீலகிரி இன ஆடுகளைச் சாண்டிநல்லாவில் உள்ள பல்கலைக்கழகச் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் பேணிவருகிறது. அந்த இனம் எண்ணிக்கையில் குறைவு. பலிக்காத மருந்துக்கு அதைப் பலிகொடுக்க முடியாது.

சோதனை எளிது. மருந்து கொடுக்கும் நாளில் பத்துப் பன்னிரண்டு ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனியாக எடுத்து, கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ண வேண்டும். 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடியும் எண்ண வேண்டும். முட்டைகள் 95 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்திருந்தால் மருந்தின் மீது சந்தேகம் கொள்ளலாம். எந்த மருந்துக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதை இதைவிட மலிவாகச் சொல்லும் சோதனை எனக்குத் தெரியாது.

தட்டைப்புழு வேறு விஷயம். சதுப்பும் நத்தையும் உள்ள பள்ளங்களில் மேயும் மாடு, எருமை, ஆடுகளுக்கு அது வரும். அதன் முட்டை கனமானது, வழக்கமான மிதவைச் சோதனையில் மேலே வராது. வண்டல் படியவைத்துப் பார்க்க வேண்டும். 'தட்டைப்புழுவும் பாருங்கள்' என்று படிவத்தில் எழுதாவிட்டால் யாரும் பார்க்காமல் போக வாய்ப்புண்டு. தொற்று ஏற்பட்டு இரண்டு, மூன்று மாதம் வரை முட்டையே வெளிவராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தோடர் எருமைகளைப் பிடித்து மாதிரி எடுப்பது முடிகிற காரியமா?

மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், அவற்றைத் தினமும் கறப்பவர் பக்கத்தில் இருந்தால் முடியும். வெளியாள் கயிறோடு போனால் முடியாது. சாணத்துக்குப் பிடிக்கவே தேவையில்லை. போட்டவுடன், மண் படாத மேல்பகுதியின் உட்புறத்திலிருந்து எடுத்தால் போதும். நேரமாகிவிட்டால் மண்ணில் வாழும் புழுக்கள் ஏறிக்கொண்டு எங்களைக் குழப்பும்.

மடிநோய்க்குப் பாலை எப்படி எடுத்துவர வேண்டும்?

சொம்பில் கறந்த பால் வேண்டாம். அதில் நாலு காம்பும் கையும் தொழுவமும் கலந்திருக்கும். காம்பை உலரத் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் சில பீய்ச்சுகளை ஒதுக்கிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி கறந்தால் போதும். மூடியின் உட்புறத்தில் கட்டைவிரல் படக் கூடாது. எந்தக் காம்பு என்று குப்பியில் எழுதுங்கள்: முன் வலது, பின் இடது என்பதுபோல்.

பால் திரிந்து மடி வீங்கினால் கண்ணுக்கே தெரியும். வெளியே தெரியாத மடிநோய்தான் வருமானத்தை அரிப்பது. அதற்கு நான்கு குழிகள் உள்ள தட்டில் பாலையும் சோதனைத் திரவத்தையும் சம அளவில் சுழற்றிப் பார்க்கும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை இருக்கிறது. கூழாகத் திரண்டால் பாலில் வெள்ளையணுக்கள் பெருகியிருக்கின்றன. தொழுவத்திலேயே செய்யலாம். திரண்ட காம்பின் பாலை மட்டும் கிருமி வளர்ப்புக்கு அனுப்புங்கள். எந்த ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியைக் கொல்லும் என்ற பட்டியல் இரண்டு, மூன்று நாளில் வரும். அதைப் பார்க்காமல் கடையில் 'ஸ்ட்ராங்கான ஊசி' கேட்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மாதிரி எங்கே போகிறது?

முதல் வாசல் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம். சாணம், சிறுநீர், ரத்தப் பூச்சு போன்றவை பெரும்பாலும் அங்கேயோ வட்டார மருத்துவமனையிலோ முடிந்துவிடும். அடுத்து, கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவு. ஊரில் பல கால்நடைகள் ஒரே நேரத்தில் நோயுற்றால் வந்து பார்க்க வேண்டியவர்களும் அவர்களே. அதற்கும் மேலே நாமக்கல், சென்னை போன்ற இடங்களில் பல்கலைக்கழக ஆய்வகங்கள் உள்ளன. 1932 முதல் தடுப்பூசி தயாரித்துவரும் ராணிப்பேட்டை நிலையமும் இந்த வரிசையில் சேரும். தென் மாநிலங்களுக்கான மண்டல நோய் கண்டறியும் ஆய்வகம் பெங்களூரு ஹெப்பாலில் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் போன்றவற்றை உறுதிசெய்வது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம். இதையெல்லாம் நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. மருத்துவரின் கடிதத்தோடு மாதிரி தானே போகும்.

அறிக்கை வர எத்தனை நாள் ஆகும்?

ரத்தப் பூச்சு, சாணம் அன்றே. அணு எண்ணிக்கை அன்றோ மறுநாளோ. கிருமி வளர்ப்பு இரண்டு, மூன்று நாள். திசுவைப் பார்மலினில் பதப்படுத்திச் சீவிப் பார்ப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல். வெளியூர் போகும் மாதிரிக்கு வழிநாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

'நெகட்டிவ்' என்று வந்துவிட்டது. நோய் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

அந்த மாதிரியில், அந்தச் சோதனையில், அந்த நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் கலப்பின மாடுகளில் காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் ரத்தச்சோகையும் இருந்து பூச்சு நெகட்டிவ் என்று வரும். பக்கத்து வயநாட்டில் தைலேரியா ஓரியன்டாலிஸ் என்ற ரத்த ஒட்டுண்ணி வகை பதிவாகியிருக்கிறது. அதைப் பூச்சில் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம், பி.சி.ஆர். வேண்டும். எதிர்ப்பொருள் சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. நோயின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது. ஆகவே இரண்டு, மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை சீரம் கேட்போம். அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் இது இப்போது வந்த தொற்று. முதல் முறை மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாம் முறைக்கு வராதவர்களே அதிகம். மாடு தேறிவிட்டால் யார்தான் வருவார்கள்?

தடுப்பூசி போட்ட மாட்டுக்கு 'பாசிட்டிவ்' வருமா?

வரும். கன்று வீச்சை உண்டாக்கும் புரூசெல்லா நோய்க்குத் தடுப்பூசி போட்ட கிடாரிக்குச் சில காலம் பாசிட்டிவ் காட்டலாம். அதனால்தான் 4 முதல் 8 மாத வயதுக்குள் பெண் கன்றுகளுக்கு மட்டும் அந்த ஊசியைப் போட்டுக் காதில் அடையாள எண் குத்துகிறார்கள். கோமாரிக்கு நல்ல வழி இருக்கிறது: தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் பிரித்துக் காட்டும் தனி எலிசா சோதனை உண்டு. இந்த இரண்டு நோய்களுக்கும் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஊசி போட்ட தேதி அட்டையை மாதிரியோடு கொண்டுவாருங்கள். வீட்டு நாய்க்கும் இது பொருந்தும்: பார்வோ தடுப்பூசி போட்ட சில நாட்களில் மலச் சோதனை மங்கலான கோடு காட்டக்கூடும்.

பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. எதைக் கொண்டுவர வேண்டும்?

வெறுங்கையால் எதையும் எடுக்காதீர்கள். கையுறை, முகக்கவசம் அணிந்து, வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் தடித்த பாலிதீன் பையில் இரட்டையாகக் கட்டி வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். கன்றின் இரைப்பை நீரும் நஞ்சுக்கொடித் துண்டும் தாயின் சீரமும் எங்களுக்குத் தேவை. சீரத்தில் ஒரு சொட்டும் இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கிருமித் திரவம் ஒரு சொட்டும் கலந்து, சில நிமிடத்தில் திரிகிறதா என்று பார்ப்பது ரோஸ் பெங்கால் சோதனை. திரிந்தால் எலிசாவில் உறுதிசெய்வோம்.

புரூசெல்லா என்று உறுதியானால் வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை இருக்கிறதா என்று யோசித்து, மனித மருத்துவரிடம் 'எங்கள் மாட்டுக்கு இது இருக்கிறது' என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைப்பே வராமல் போகலாம். பச்சைப் பால் குடிக்க வேண்டாம்.

நாய்க்கு மூக்கில் ரத்தம் வருகிறது. உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை போதுமா?

எர்லிச்சியா என்ற உண்ணிக் காய்ச்சலில் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தம் வருவது உண்மை. ஊதாக் குப்பி ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை, பூச்சு, தேவைப்பட்டால் பி.சி.ஆர். பார்க்க வேண்டும். அதற்கு முன் மூக்குத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடையில் தண்ணீர் குடித்த நாயின் மூக்கில் அட்டை உட்கார்ந்திருப்பதும் மலையில் நடக்கும். எல்லாச் சோதனையும் முடிந்து, தும்மலோடு அட்டை வெளியே வந்தால் டாக்டர் உட்பட எல்லோருக்கும் சங்கடம்.

கடித்த நாய் செத்துவிட்டது. தலையைத் துணியில் கட்டிக்கொண்டு நேராகக் குன்னூருக்குப் போகலாமா?

வேண்டாம். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கி, மனிதருக்கான வெறிநோய்த் தடுப்பூசியால் பெயர் பெற்றது. பழைய நினைவில் அங்கே போகச் சொல்பவர்கள் உண்டு. நீங்கள் முதலில் போக வேண்டியது குழாயடிக்கு. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். நாயின் சோதனை முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நாய் உயிரோடு இருக்கும்போது வெறிநோயை நம்பகமாக உறுதிசெய்யும் சோதனை இல்லை. கடித்த நாய் கிடைத்தால் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். இறந்தால் மூளைத் திசுவை எடுத்து ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை செய்வார்கள். எடுப்பவர் தடுப்பூசி போட்டுக்கொண்ட, பயிற்சி பெற்ற ஆளாக இருக்க வேண்டும். ஐஸில் போக வேண்டும், பார்மலினில் அல்ல. நாயைத் தலையில் அடித்துக் கொன்றால் சோதிக்க வேண்டிய மூளையே சிதைந்துவிடும்.

மாட்டுக்கும் வெறிநோய் வரும். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் தொண்டையில் கிழங்கு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுத் தேடுவது நம் ஊரில் வழக்கம். உருளைக்கிழங்கு விளையும் இடத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் கையை விடாதீர்கள்.

நேற்று நன்றாக இருந்த மாடு காலையில் செத்துக் கிடக்கிறது. அறுத்துப் பார்த்தால்தானே காரணம் தெரியும்?

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருத்த ரத்தம், வேகமாக உப்பிய வயிறு, விறைக்காத உடல் இருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகித்து அறுக்காமல் விட வேண்டும். அறுத்தால் காற்றுப்பட்ட கிருமி விதையுறை கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். இந்த நோய்க்குக் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தப் பூச்சு போதும். சாயமேற்றிப் பார்த்தால் நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். தோலை உரிப்பதும் இறைச்சியைப் பங்கிடுவதும் கூடவே கூடாது. சுண்ணாம்பு இட்டு ஆறடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

அடைப்பான் இல்லை என்று தெரிந்த பிறகு பிணப் பரிசோதனை செய்யலாம். சீக்கிரம் செய்ய வேண்டும். ஊட்டிக் குளிரில் சடலம் கெடாது என்று நினைக்காதீர்கள். தோல் சில்லிட்டிருந்தாலும் பெருவயிற்றுக்குள் நொதிப்பும் சூடும் தொடரும், உறுப்புகள் உள்ளிருந்து அழுகும்.

கேரட், முட்டைக்கோஸ் கழிவு தின்ற பிறகு நடுங்கி எச்சில் வடித்தது. மருந்தடித்த காய்கறியா?

பூச்சிமருந்து நச்சாக இருக்கலாம். சிகிச்சை உடனே தொடங்க வேண்டும், முறிவு மருந்தான அட்ரோபின் எந்த அறிக்கைக்கும் காத்திருக்காது. மீதமுள்ள தீவனத்தையும், இறந்தால் வயிற்றுப் பொருள், கல்லீரல் துண்டுகளையும் தனித்தனி குப்பியில் எந்த மருந்தும் சேர்க்காமல் வையுங்கள். 'எல்லா விஷமும் பாருங்கள்' என்றால் எந்த ஆய்வகமும் திணறும். அந்த வாரம் தோட்டத்தில் எந்த மருந்து அடித்தார்கள் என்ற ஒரு வரி, தேடலைப் பாதியாகக் குறைக்கும். யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று சந்தேகித்தால் முதலில் போலீஸில் புகார் கொடுங்கள். முத்திரையிட்டுத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போன மாதிரிதான் வழக்கில் நிற்கும்.

செத்த மாட்டைக் காட்டோரம் போட்டுவிடலாமா? கழுகோ சிறுத்தையோ தின்றுவிடுமே.

நச்சோ நோயோ சந்தேகம் இருந்தால் கூடாது. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டுச் சடலத்தைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டி, சடலங்களைத் தின்று வாழும் பாறு கழுகுகளுக்கு, அந்த மாட்டுக்கு நாம் போட்ட வலி ஊசியே எமன். டைக்ளோபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-இல் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது.

காட்டிலிருந்து நம் பக்கமும் நோய் வரும். முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஆய்வில் உறுதியானது. அது மனிதரைத் தொற்றாது. வளர்ப்புப் பன்றியை விட்டுவைக்காது. காட்டுப்பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அறிக்கையில் 'எச்', 'எல்' என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எழுத்துகள், எண் வழக்கமான அளவைவிடக் கூட, குறைய என்று மட்டும் சொல்கின்றன. பிடித்துக் கட்டும்போது மிரண்ட எருமைக்கும் வெள்ளையணு ஏறும், சர்க்கரை ஏறும். சினை மாட்டின் அளவு வேறு, கன்றின் அளவு வேறு. தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவதைவிட, மாட்டைப் பார்த்த மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய அறிக்கைகளைத் தடுப்பூசி அட்டையோடும் காப்பீட்டுத் தாளோடும் ஒரே உறையில் வையுங்கள். காப்பீடு கோரும்போது காதுத் தோட்டின் எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

நடக்கவே முடியாத மாடு. மருந்தகத்துக்குக் கொண்டுவர வழியில்லை. என்ன செய்வது?

1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். அழைக்கும்போதே ரத்த மாதிரியும் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். ஊர்தி வருவதற்குள் சாணத்தையும் சிறுநீரையும் எடுத்து, நேரம் எழுதி, நிழலில் வைத்திருங்கள்.